கல்லின் வலது தோள்

முதலில் அது ஈரம் என்றுதான் எமல்டா நினைத்தாள். காலையில் மழை பெய்திருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சொதசொதவென்று கிடந்தது, அடிக்கு அடி களிமண் செருப்பைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. மதியத்துக்கு மேல் வெயில் எட்டிப் பார்த்ததில் கற்களெல்லாம் காய்ந்து அதனதன் நிறத்துக்குத் திரும்பிவிட்டன. பெலவேந்திரனின் கல்லும் காய்ந்துவிட்டது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. வலப்பக்க மேல்முனை, கல்லுக்குத் தோள் என்று ஒன்று இருந்தால் அது இருக்கவேண்டிய இடம். அங்கே ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து மினுமினுத்தது. முந்தானையால் துடைத்தாள். துணியில் ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள், வரவில்லை. ஈரம் இல்லை. பாசியும் இல்லை, பாசி என்றால் நகத்தோடு வழுக்கிக்கொண்டு வரும். சரி, என்னவோ ஒன்று, தேய்த்துக் கழுவிவிட்டுப் போகலாம் என்று வாளியை எடுக்கக் குனிந்தவள், எடுக்காமலே நிமிர்ந்தாள். என்னவோ ஒன்று என்று விட்டுவிட்டுப் போகிற பிழைப்பா அவளுடையது? கருங்கல்லின்மேல் என்ன படிகிறது, எப்படிப் படிகிறது, எவ்வளவு காலத்தில் படிகிறது என்று பார்ப்பதுதானே இருபது வருஷத்துக்கு மேலாக அவள் பார்க்கிற வேலை. திருச்சியில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி பேராசிரியை. பிள்ளைகள் வைத்திருக்கிற பெயர் அழுக்கு மேடம். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்பேர்ப்பட்ட அழுக்கு மேடத்துக்குத் தன் புருஷன் கல்லறையில் ஒட்டியிருக்கிற அழுக்கு என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

வழக்கமாக அவள் நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம்தான் வருவாள், ஊரே வருகிற கல்லறைத் திருநாளில். அன்றைக்குக் கல் எங்கே கண்ணுக்குத் தெரிகிறது? மாலை மேல் மாலை, சாமந்திக் குவியல், மெழுகுவத்திப் புகை, தீர்த்தம் தெளித்துக்கொண்டே வேகமாக நடக்கிற சாமியார், அவர் நம் கல்லறையைத் தாண்டிப் போய்விடுவாரோ என்று பின்னால் ஓடுகிற கூட்டம். வைக்கவேண்டிய பூவை வைத்து, கொளுத்தவேண்டிய வத்தியைக் கொளுத்தி, தெரிந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். இந்த வருஷம் மகள் ஜெனிட்டாவுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. நாளைக் காலையில் கோயம்புத்தூர் ரயில். அதனால்தான் முன்கூட்டியே, தனியாக, வாளியும் தென்னைநார் பிரஷுமாக வந்து நிற்கிறாள். பிரஷ் எங்கே? கையில்தான் இருக்கிறது. அடுப்பை அணைத்தோமா என்று ஆட்டோவில் வரும்போது ஒரு சந்தேகம் வந்தது. அணைத்தோம், சிலிண்டரையும் மூடினோம், மூடியபோது விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியதே, அது ஞாபகம் இருக்கிறது. பிசுக்கு. பிசுக்கு என்று நினைத்ததும் அவள் மறுபடியும் கல்லின் தோளைப் பார்த்தாள்.

அந்தக் கல்லை அவளேதான் தேர்ந்தெடுத்தாள். எல்லாரும் கறுப்புக் கல்லைக் கண்ணாடியாக இழைத்து, அதில் செத்தவர் போட்டோவையும் செதுக்கி வைப்பார்கள். இவள் நார்த்தாமலைப் பக்கம் ஒரு குவாரிக்குப் போய், வேண்டாமென்று ஒதுக்கிப்போடுகிற மேல்பலகையைக் கேட்டு வாங்கினாள். மலையின் தோல் அது. வெயிலும் மழையும் பட்டுப் பட்டுப் பழுப்பும் கறுப்புமாக ஒரு மெல்லிய பூச்சு பிடித்திருந்தது. பேரும் தேதியும் வருகிற இடத்தை மட்டும் இழைத்துவிட்டு, மற்றதை மலையில் இருந்தபடியே சொரசொரவென்று விட்டுவிடச் சொன்னாள். ஜெனிட்டா அதைப் பார்த்ததும், "என்னம்மா இது, அப்பாவுக்கு மைல்கல் நட்டு வச்சிருக்கீங்க" என்றாள். அப்பாவுக்கு இயற்கையாக இருந்தால் பிடிக்கும் என்று எமல்டா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அவருக்கு அப்படியெல்லாம் ஒன்றும் பிடிக்காது, அவருக்குப் பிடித்தது பிளாஸ்டிக் பூ. உண்மையான காரணம் வேறு. மலை போட்டுக்கொடுத்த பூச்சின்மேல் ஊர் என்ன பூசுகிறது என்று வருஷா வருஷம் வந்து பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம் என்று நினைத்திருந்தாள். புருஷன் செத்த மூன்றாம் மாதத்தில் ஒரு பொம்பளைக்கு இப்படி யோசனை வருமா? அவளுக்கு வந்தது. வந்ததே தவிர, எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அந்தக் கல்லைப் பகலில் நின்று பார்த்ததில்லை.

கல் தானாக எதையும் உடுத்திக்கொள்வதில்லை, இதுதான் ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் அவள் சொல்கிற முதல் வாக்கியம். மேலே தெரிகிற கறுப்பும் பழுப்பும் கல்லிலிருந்து கிளம்பி வந்தவை என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பெரும்பாலும் இல்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. மலையிலே காற்று தூசியைக் கொண்டுவந்து போடும், அதில் துளி இரும்பு இருக்கும், துளி மாங்கனீஸ் இருக்கும், பனியும் சாரலும் அதை நனைத்து ஒட்டும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைப் பிடித்து இறுக்கும். ஒரு தலைமுடி கனத்துக்குப் பூச்சு ஏற ஆயிரக்கணக்கான வருஷம். ஊருக்கு அவ்வளவு பொறுமை ஏது? தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பைபாஸ் ரோடு. டீசல் புகை, பிரேக் தேய்ந்த தூள், எதிரே எழும்புகிற அடுக்குமாடியின் சிமெண்ட் தூசி, எல்லாம் சேர்ந்து பத்து வருஷத்தில் கல்லைத் தோசைக்கல்லாக்கிவிடும். ஆனால் அந்தக் கறுப்பு மழை அலசாத இடத்தில்தான் தங்கும், இடுக்கில், வளைவுக்கு அடியில். இது மேல்முனை, மழை நேராக விழுகிற இடம், இங்கே புகைக்கரி நிற்காது. நின்றாலும் மினுங்காது. மலைக்கோட்டைப் படிக்கட்டில் பக்கத்துப் பாறை இப்படித்தானே மினுங்கும்? ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கை வைத்து வைத்து. கோயிலில் மாதா சுரூபத்தின் பாதம் இப்படித்தானே? அப்படியானால் கை. மலையும் இல்லை, ஊரும் இல்லை, கை. ஆனால் தேய்ந்ததா, படிந்ததா? தேய்ந்தது என்றால் கல் எதையோ இழந்திருக்கிறது, படிந்தது என்றால் கல்லுக்கு எதுவோ கிடைத்திருக்கிறது. எட்டு வருஷத்தில் கருங்கல் கைக்குத் தேயாது. அப்போது படிந்தது. வியர்வை, எண்ணெய், தூசி, மறுபடி வியர்வை, மறுபடி எண்ணெய். ஒரு நாள் வந்து அழுதுவிட்டுப் போன கை இல்லை இது. வாரத்துக்கு ஒரு தரமாவது, விடாமல், இதே இடத்தில் கை வைக்க யாரோ வருகிறார்கள். யார்?

எமல்டா சுற்றிலும் பார்த்தாள். இடப்பக்கம் இரண்டு கல்லறை தள்ளி லில்லிபுஷ்பம் என்கிற பெண், மாமனார் கல்லறையைப் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பங்குக் கோயிலில் பார்த்துப் பழக்கம். வலப்பக்கம் சிமெண்ட் பூசிய ஒரு சின்னக் கல்லறை, இரும்புச் சிலுவை, பளிச்சென்று கூட்டிப் பெருக்கியிருந்தது, யாருடையதோ. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு அவள் குனிந்து கல்லின் தோளை முகர்ந்தாள். பாறையை முகர்வதும் நக்குவதும் அவள் தொழிலில் சகஜம்தான், ஆனால் கல்லறையில் நின்றுகொண்டு செய்தால் பார்க்கிறவர்கள் வேறுவிதமாக நினைப்பார்கள். தைலம். லேசாகத்தான், ஆனால் தைலம்தான், கற்பூரமும் நீலகிரியும் கலந்த வாடை. தைல வாடையோடு அவளுக்கு ஒரே ஓர் ஆளைத்தான் தெரியும்.

செலஸ்டின் டீச்சர். பாடகற்குழுவில் இரண்டாங்குரல் பாடுகிறவள். எந்நேரமும் தலைவலி, நெற்றி மினுங்க மினுங்கத் தைலம், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூசை பார்த்தால் நமக்கும் கண்ணெரியும். பாடகற்குழுவை நடத்தியவர் பெலவேந்திரன். மின்சார வாரியத்தில் கிளார்க் வேலை, வியாழக்கிழமை சாயங்காலமானால் ஆர்மோனியம். பிராக்டிஸ் முடிந்து அவர் வீட்டுக்கு வரும்போது சட்டையில் தைலம் மணக்கும். "என்ன, இன்னைக்கும் அவங்களுக்குத் தலைவலியா?" என்று எமல்டா கேட்பாள், அவர் சிரிப்பார். சிரித்தாரா, சும்மா இருந்தாரா? சிரித்த முகம் ஒன்று ஞாபகத்தில் இருக்கிறது, ஆனால் அது வியாழக்கிழமை முகமா என்று தெரியவில்லை, அது ஹாலில் மாட்டியிருக்கிற போட்டோவிலிருந்து எடுத்த முகமாகவும் இருக்கலாம். எட்டு வருஷமாகப் போட்டோ முகம்தான் எல்லாவற்றின்மேலும் படிந்து கிடக்கிறது. அடக்கத்தன்றைக்கு செலஸ்டின் டீச்சர் அழுத அழுகை ஞாபகம் இருக்கிறது. மூச்சு முட்டி, கீழே சரிந்து, நாலு பேர் தாங்கிப் பிடித்து, யாரோ ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு எமல்டாவைத் தாண்டி ஓடி டீச்சர் வாயில் ஊற்றினார்கள். எமல்டா அழவில்லை. அழவில்லை என்றால் அழுகை வரவில்லை, அவ்வளவுதான், குழிக்குள் தெரிந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள், மேலே கரிசல், அடியில் சரளை என்று மனசு தன்பாட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. கல்லு மாதிரி நிக்கிறா பாரு என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது. அது யார் குரல் என்று இன்றுவரைக்கும் அவளுக்குப் பிடிபடவில்லை.

மெழுகு வேறு இருந்தது, இப்போதுதான் கண்ணில் பட்டது. பெலவேந்திரனின் பேருக்கு நேராக இல்லை. கல்லுக்கும் பக்கத்துச் சிமெண்ட் கல்லறைக்கும் நடுவே சந்தில், வழிந்து வழிந்து உறைந்த மெழுகு, பழசின்மேல் புதுசு, புதுசின்மேல் இன்னும் புதுசு. முன்னால் வைக்க என்ன தடை? முன்னால் வைத்தால் வருகிறவர்கள் கண்ணில் படும், பெண்டாட்டி கண்ணில் படும். ஒளித்து வைத்திருக்கிறாள். ஒளித்து வைத்து, மண்டிபோட்டு, அவர் தோளில் கைபோட்டு. நின்றுகொண்டு தோளில் கைபோடுகிற உயரம் இல்லை அது, கல் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். மண்டிபோட்டால் சரியாக இருக்கும். எமல்டா ஒரு நாளும் இங்கே மண்டிபோட்டதில்லை, சேறு, சேலை கெட்டுவிடும். அவர் தோள். அந்தத் தோளைப் பற்றி அவளுக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு. ரயிலில், பஸ்ஸில், பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் தூங்கி அவர் தோளில் சாய்ந்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவன், கருவாட்டுக் கூடைக்காரி, பட்டாளத்துக்காரன். அவர் அசையமாட்டார். கை மரத்துப்போய், இறங்கிய பிறகு உதறிக்கொண்டே வருவார். "ஊரான் தலைக்கெல்லாம் தலகாணியா நீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "தூங்குற ஆள எழுப்புறது பாவம் எமல்" என்பார். அவ்வளவு தாராளமாகக் கிடந்த தோள், செலஸ்டினுக்கு மட்டும் இல்லாமல் போயிருக்குமா? இருந்திருக்கும். இல்லை, அந்த மனுஷன் அப்படி இல்லை. அப்படி இல்லை என்று யாருக்குத் தெரியும்? வருஷத்தில் பாதி நாள் நான் ஏதாவது ஒரு மலையில் சுத்தியலோடு நின்றேன், வீட்டில் என்ன படிந்தது, என்ன அலசிப் போயிற்று, நான் கண்டேனா?

கைப்பையில் போன் அடித்தது. ஜெனிட்டா. "அம்மா, பிரசவ லேகியம் எடுத்து வச்சீங்களா? அத்தை கேட்டுக்கிட்டே இருக்காங்க." எடுத்து வைத்தாயிற்று, சுக்கும் வைத்தாயிற்று என்று எமல்டா சொன்னாள். சொல்லும்போதே சுக்கை வைத்தோமா, மேசைமேலேயே விட்டோமா என்று குழம்பியது. "எங்கேயோ ரோட்டுல நிக்கிற மாதிரி சத்தம் வருது?" "அப்பா கல்லறைக்கு வந்தேன். கழுவிட்டுப் போலாம்னு." "நல்லா கழுவிட்டு ஒரு போட்டோ அனுப்புங்கம்மா, பாப்பா பொறந்ததும் கூட்டிட்டு வந்து காட்டணும்." எமல்டா வாயில் அது தானாக வந்துவிட்டது. "ஜெனி, செலஸ்டின் டீச்சர் இப்ப எங்க இருக்காங்க?" "எந்த டீச்சர்? கொயர்லயா? அவங்க மகனோட கனடா போயி எவ்ளோ வருஷம் ஆச்சு. அப்பாவோட முதல் வருஷப் பூசைக்கே அவங்க இங்க இல்லையே. ஏம்மா திடீர்னு?" "சும்மாதான். ஞாபகம் வந்துச்சு." "அம்மா, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" நல்லா இருக்கேன், மழை வர்ற மாதிரி இருக்கு, வைக்கிறேன் என்று போனை வைத்தாள்.

கனடா. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. கனடாவிலிருந்து கை நீளாது. அப்போது இந்தத் தைலம் யார் தைலம்? ஒருத்தி என்று நினைத்திருந்தவரைக்கும் அவளுக்கு ஒரு முகம் இருந்தது, நெற்றி மினுங்குகிற முகம், கோபப்பட வசதியாக இருந்தது. இப்போது முகமில்லை, கை மட்டும் இருக்கிறது. மின்சார வாரியத்தில் எத்தனை பேர், பாடகற்குழுவில் எத்தனை பேர், அவர் காலையில் டீ குடிக்கிற கடையில், அவர் வளர்ந்த தெருவில். முப்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷனைப் பற்றி யோசிக்க யோசிக்க அவருக்குத் தெரிந்தவர்களின் கூட்டம் பெருகிக்கொண்டே போனது, அவள் அதில் ஓரமாக நின்றாள். ஒருவேளை அவர் யாருக்காவது உதவி செய்திருப்பார், நன்றிக்கு வருகிறார்கள். நன்றிக்கு வருகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் வருவார்கள், இப்படிப் பூச்சு ஏறும்வரை வருவார்களா? ஒருவேளை எண்ணெய்க் கை இல்லாமல் வேறு ஏதாவது, பறவை எச்சம், மரத்துப் பால். மேலே மரமே இல்லை. ஒருவேளை நான்தான் தப்பாகப் பார்க்கிறேன், இது தேய்ந்ததே தவிர படிந்ததில்லை. இல்லை, படிந்ததுதான். அவளுக்குப் பயமாக இருந்தது. பெலவேந்திரன் தனக்கு இல்லாமல் போய்விட்டாரோ என்கிற பயம், செத்தபோது வராதது, இப்போது பட்டப்பகலில், லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க வந்தது. அழவேண்டியவள் அழாமல் நின்றாள். வரவேண்டியவள் வராமல் இருந்தாள். அந்த இடத்தில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் கதை.

பிரஷால் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். வாளித் தண்ணீர் தீர்ந்தது, தோள்பட்டை வலித்தது, அந்த மினுமினுப்பு அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் துலக்கமாகத்தான் தெரிந்தது. லில்லிபுஷ்பம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், நான்தான் அப்பவே சொன்னேன்ல, கொஞ்சம் ஆசிட் ஊத்துங்க, ஒரே ஊத்து, பளிச்சுன்னு ஆயிடும்." வந்தவுடனேயே அவள் அதைச் சொல்லியிருந்தாள், அப்போது எமல்டா ஒரு பிரசங்கமே செய்தாள். "கருங்கல்லுக்கு ஆசிட் ஆகாதும்மா. உள்ள இருக்கிற இரும்பு கசிஞ்சு கல்லு மஞ்சளா போயிடும்." "மஞ்சளானா மங்களந்தானே மேடம்" என்று அவள் சிரித்திருந்தாள். இப்போது எமல்டா கையை நீட்டினாள். லில்லிபுஷ்பம் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, காலி வாளியைத் தானே எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆசிட் கேட்காது. வகுப்பில் ஒரு பிள்ளை ஊற்றலாமா என்று கேட்டிருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பாள். அவளுக்குள் இருக்கிற படித்தவள் எங்கோ தள்ளி நின்று வேண்டாம் வேண்டாம் என்று சொல்வது காதில் விழத்தான் செய்தது. மூடியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கல்லின் வலது தோளில் ஊற்றினாள். ஒட்டியிருந்த சிமெண்ட் தூசி சுர்ரென்று நுரைத்தது, வெள்ளையாகப் பொங்கி, சின்னச் சின்னக் குமிழாக உடைந்து, மலை கொடுத்த பழுப்பின்மேல் கோடு கோடாக இறங்கியது. மூக்கு எரிந்தது. போ, என்று அவள் சொன்னாள். கைக்காரியைச் சொன்னாளா, அவரைச் சொன்னாளா, அவளுக்கே தெரியவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, ஒரு கால் இழுத்து, ஒரு கால் பதித்து. ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, கழுத்தில் மப்ளர், கையில் மஞ்சள் பை. அவளைத் தாண்டி வந்து சிமெண்ட் கல்லறைக்கும் பெலவேந்திரன் கல்லுக்கும் நடுவே நின்றார். பையைக் கீழே வைத்தார், உள்ளிருந்து ஒரு மெழுகுவத்தி எடுத்தார், ஜெபமாலை எடுத்தார். பிறகு, வீட்டுக்குள் வருகிறவர்கள் பார்க்காமலே ஸ்விட்சைத் தட்டுகிற மாதிரி, சிலுவையைப் பார்த்தபடியே இடது கையை நீட்டிக் கல்லின் தோளில் வைக்கப்போனார்.

"அய்யய்யோ, வைக்காதீங்க!" எமல்டா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். நுரைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் அவர் கையும் அவள் கையும் நின்றன. தைல வாடை குப்பென்று அடித்தது.

"என்னம்மா? ஏன் கத்துறீங்க?"

"ஆசிட் ஊத்தியிருக்கு ஐயா. கை வெந்து போயிடும்."

"ஆசிட்டா?" பெரியவர் கல்லைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எதுக்கும்மா? நல்லாத்தானே இருந்துச்சு."

எமல்டா பிடித்த கையை விடவில்லை. அகலமான உள்ளங்கை, காய்ப்பு ஏறிய விரல்கள், ரேகைக்குள்ளெல்லாம் தைலம். "முட்டிக்கு ரெண்டு வேளையும் தேச்சுக்கறது" என்றார் அவர், அவள் கையையே பார்ப்பதைப் பார்த்து. "இதப் பிடிச்சாத்தான் முட்டி மடங்கும். பிடிக்காம உக்காந்துட்டேன்னு வைங்க, அப்புறம் வாட்ச்மேன் வந்துதான் தூக்கிவிடணும். இவ என் சம்சாரம், சூசையம்மா. போயி ஏழு வருசம் ஆவுது. ஞாயித்துக்கெழம பூசை முடிச்சுட்டு வருவேன், நடுவுல ஒரு நாளு வருவேன். வீட்ல என்ன வேல? அந்தாண்ட பக்கத்துக் கல்லு எல்லாம் பாலிசு, கை வழுக்கிடும். இது சொரசொரன்னு கைக்கு நல்லா நிக்கும். வச்சவங்க புண்ணியவாதிங்க." பிறகுதான் அவருக்குத் தோன்றியது. "நீங்க இவருக்கு?"

"வீட்டுக்காரி."

"பெலவேந்திரன்" என்றார் அவர், தெரிந்தவர் பேரைச் சொல்கிற மாதிரி. "பேரு படிச்சிருக்கேன். சூசைக்குச் சொல்ற ஜெபமாலையில இவருக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிடுவேன். சும்மா பிடிச்சா நல்லாருக்காதுல்ல? நல்ல மனுசன். ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல."

நிம்மதி வரவேண்டும். வந்ததுதான். ஆனால் அதோடு கூடவே ஏமாற்றமும் வந்தது, அதை அவள் எதிர்பார்க்கவில்லை. யாரோ ஒருத்தி, அவருக்காக, அவருக்கென்றே, வாரா வாரம் வந்து உட்கார்ந்திருந்தாள் என்று இந்த ஒரு மணி நேரமாக நம்பியிருந்தாளே. அவளை எவ்வளவு வெறுத்தாள். இப்போது அவளும் இல்லை. அவருக்கென்று வந்தவர்கள் யாருமே இல்லை, வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் சாமந்தியோடு வந்து தலையாட்டிவிட்டுப் போகிற ஒருத்தியைத் தவிர. இருபது வருஷமாகக் கல்லைப் படிக்கிறவள் படித்த லட்சணம் இது. கை வந்தது என்பது சரி, தைலம் சரி, மண்டிபோட்டது சரி, மெழுகு சரி. எல்லாம் சரி, யாரைப் பார்த்து மண்டிபோட்டார்கள் என்பது ஒன்றுதான் தப்பு. வெட்கமாக இருந்தது, மனசு பொங்கிக்கொண்டு வந்தது. மலை அதன் பாட்டுக்கு ஒன்றைப் பூசியது, ஊர் ஒன்றைப் பூசியது, இந்த மனுஷர் முட்டிவலியைப் பூசினார், நான் வந்து ஆசிட்டை ஊற்றினேன். நுரை அடங்கிவிட்டிருந்தது. அடியில் அந்த மினுமினுப்பு இருக்கிறதா, போய்விட்டதா, ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ஊற்ற வாளியும் இல்லை, லில்லிபுஷ்பம் குழாயடியில் யாருடனோ பேச்சில் நின்றுவிட்டாள்.

பெரியவர் கல்லையும் தன் முட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இன்னைக்கு நின்னுகிட்டே சொல்லிட வேண்டியதுதான்" என்றார். சொன்னாரே தவிர மனசு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மெழுகுவத்தியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

எமல்டா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லுக்கு முன்னால், சேற்றில் மண்டிபோட்டாள். குளிர்ச்சி முட்டி வழியாக ஏறியது. "என்னைப் பிடிச்சுக்கோங்க ஐயா" என்றாள்.

"வேணாம்மா, நான் கனம்."

"பிடிங்க."

அவர் தயங்கித் தயங்கி அவள் வலது தோளில் இடது கையை வைத்தார். உடம்பின் பாரம் முழுக்க இறங்கியது, நிஜமாகவே கனம்தான், அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முட்டி சடக்கென்று ஒரு சத்தத்தோடு மடங்கியது, அவர் உட்கார்ந்தார், வத்தியைச் சந்தில் நட்டுக் கொளுத்தினார். இனி கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தாள், எடுக்கவில்லை. எடுத்தால் சாய்ந்துவிடுவார். அவர் வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினார், மணி ஒன்று நகர்ந்தது, இன்னொன்று நகர்ந்தது. பைபாஸில் லாரி ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு போனது. கண்ணுக்கு நேராக இழைத்த இடத்தில் பேர் இருந்தது, இவ்வளவு கிட்டத்தில் அதை அவள் படித்ததில்லை, வேந்திரன் என்கிற எழுத்துகளின் பள்ளத்தில் தூசி அடைந்திருந்தது. சுக்கு மேசைமேல்தான் இருக்கிறது என்று திடீரென்று ஞாபகம் வந்தது. கைப்பையில் போன் அடித்தது, ஜெனிட்டாவாகத்தான் இருக்கும், போட்டோ கேட்பாள், அடித்து ஓய்ந்தது. பாதி ஜெபமாலைகூட ஆகியிருக்காது. முழங்கையிலிருந்து விரல்வரைக்கும் கை மரத்துப்போகத் தொடங்கியது. எமல்டா அசையவில்லை.